கோர்ட் கதவும் மரவள்ளி மாவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த செலஸ்டீன் அக்கா அவர்களுக்கு, இத்தீவின் கோர்ட் அமீனாவும் தங்கள் உடன்பிறந்த தம்பியுமான ஒபதையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, ஆடுகள் அனைவரும் நலம். தங்கள் நலமும் அத்தானின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

உங்கள் மகன் லியாண்டர் உயிரோடும் முழு முதுகோடும் இருக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படித்துப் பதறாதீர்கள். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கரும்புத் தோட்டத்தை விட்டு வந்துவிட்டான் என்று, பழைய சட்டப்படி அவனுக்கு இருபது சவுக்கடி விதித்துவிட்டார்கள், திங்கள் காலை எட்டு மணிக்கு. அடிக்க வேண்டியது அமீனா, அதாவது நான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அக்கா. சனிக்கிழமை லண்டன் கப்பலில் அரக்கு முத்திரையோடு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இனிச் சவுக்கடி கூடாது என்பது. மற்றது, நாய் வளர்ப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்பது. முதலாவதை உடனே அமலுக்குக் கொண்டுவாருங்கள் என்று மாஜிஸ்திரேட் துரையிடம் கெஞ்சினேன்.

"கோர்ட் கதவுல ஆணி அடிச்சாத்தான் சட்டம் அமலாகும், ஒபதையா. கதவு எங்கய்யா?" என்றார்.

கதவுதான் போன ஆகஸ்ட் புயலோடு போய்விட்டதே. "சுவத்துல அடிச்சிடறேன் துரை."

"கதவுன்னு எழுதியிருக்கு. அதுவும் கோர்ட் கதவுன்னு எழுதியிருக்கு."

கெட்டவர் இல்லை, எழுத்தைத் தாண்டமாட்டார். ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகாமல் வீடு வீடாக நுழைந்து, கோழிக்கூண்டுகளைப் புரட்டி, நாய் துரத்த ஓடி, கடைசியில் ரொட்டிக்கார டார்கஸ் வீட்டு முற்றத்தில் கோர்ட் கதவைக் கண்டேன். இரண்டு பீப்பாய்கள் மேல் கிடத்தி, மரவள்ளி மாவைப் பரப்பியிருந்தாள்.

"கதவைக் கொண்டுபோயிட்டா மாவை உன் முதுகுலயா காயவைக்கிறது?"

லியாண்டர் விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு அடிக்கிறது?"

"நான்தான்."

மாவைச் சாக்கில் வழித்துப் போட்டாள். "அந்தப் பக்கம் தூக்கு" என்றாள்.

திங்கட்கிழமை, கீல் இல்லாத கதவை வாசலில் நிறுத்தி டார்கஸ் தோளால் முட்டுக்கொடுக்க, எதிரே லியாண்டர் சட்டையில்லாமல் கம்பத்தில் கட்டுண்டு நிற்க, என் கட்டைவிரலில் இரண்டு முறை சுத்தியல் விழுந்து, எப்படியோ நாலு ஆணி அடித்துவிட்டேன். துரை வந்து கதவைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், "அமலுக்கு வந்தாச்சு. அவுத்து விடு" என்றார்.

"மாமா, உங்க கையைவிட என் முதுகு நல்லாருக்கு" என்றான் உங்கள் பிள்ளை. அமீனா உடுப்போடு, ஊரார் முன்னால், அழுதுவிட்டேன். சட்டம் பெரிய விஷயம்தான் அக்கா. ஒரு தாள் கதவில் ஏறியதும் என் கை பாவத்திலிருந்து தப்பியது. அன்று மதியமே சவுக்கைக் கடலில் எறிந்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். ஆண்டவர் அடுத்த புயலிலும் உங்கள் கூரையைக் காப்பாராக.

தங்கள் தம்பி,
ஒபதையா

பி.கு.: உறை எடுக்கக் கோட்டுப் பையில் கை விட்டால், சவுக்கடிச் சட்டம் மடித்தது மடித்தபடி இருக்கிறது. கதவில் நான் அடித்தது நாய்ச் சட்டம். இந்தக் கடிதம் வரும் படகிலேயே லியாண்டரையும் ஏற்றிவிடுகிறேன். திட்டாமல் சாப்பாடு போடுங்கள். தாளை மாற்றிவிடலாம் என்று ஓடினால், டார்கஸ் கதவைத் திரும்ப எடுத்துப் போய், தாளின் மேலேயே மாவைப் பரப்பிவிட்டாள். கேட்டால், "மாவு காயட்டும்" என்கிறாள். அதுவரை இந்தத் தீவில் எந்தச் சட்டம் அமலில் இருக்கிறது என்று அமீனாவான எனக்கே தெரியாது. சவுக்கு மட்டும் கடலில் இருக்கிறது.