நாள் தள்ளிப் போன சேதி

பிரசவத் தேதி கடந்துபோன பெண்ணுக்கு ஊரில் சொந்தப் பெயர் கிடையாது. "இன்னுமா?" என்பதுதான் அவள் பெயர். குழாயடிக்குப் போனால் "இன்னுமா?" கோலம் போடக் குனிந்தால் "இன்னுமா?" பால்காரர்கூட அளந்து ஊற்றிவிட்டு வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "இன்னுமாம்மா?" என்பார். ஏதோ நானே பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருப்பது மாதிரி.

தொண்ணூற்றொன்றில், பென்னலூரில் என் அம்மா வீட்டில், அந்தப் பெயரோடுதான் உலவிக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவம். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி வந்தது, போனது. வலி மட்டும் வரவில்லை.

யோசனை சொல்ல மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. எதிர்வீட்டு சரோஜா அக்கா குந்தி உட்கார்ந்து தரை துடைக்கச் சொன்னார். துடைத்தேன். எங்கள் வீட்டுத் தரை அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பளபளத்ததில்லை. அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். பிள்ளையைத் தவிர மற்றதெல்லாம் வெளியே வந்தது. முதுகு லேசாக இழுத்தால் போதும், சீரகக் கஷாயத்தோடு வந்து நிற்பாள். குடித்து வலி அடங்கினால் அது சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி. எனக்கு ஒவ்வொரு தடவையும் அடங்கித் தொலைத்தது. என் கணவர் தன் பங்குக்கு வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார் (அவர் தலையில் அப்போதே பெரிதாக ஒன்றும் இல்லை, முருகன் அசராததில் நியாயம் இருந்தது).

கடைசியில் டாக்டரம்மா, வலி வருவதற்கு ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றிவிடலாம் என்றார். நான் முடியவே முடியாது என்றேன். காரணம் சரோஜா அக்கா. "தானா வர்ற வலி நம்ம வலிடி. வுட்டு வுட்டு வரும். ஊசி வலி டாக்டரோட வலி. மூச்சு வுட நேரம் குடுக்காது" என்று சொல்லிவைத்திருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டே நாள் பாக்கலாம் டாக்டர்" என்று நான் கெஞ்சுவதும் அவர் விடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை போனபோது அவர் சிரிக்கவில்லை.

"உள்ள தண்ணி குறையுதும்மா. இனிமே தள்ள முடியாது. நாளைக்கு அட்மிட் ஆயிடு. உன் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் குழந்தை அசையுதான்னு கவனிச்சுக்கிட்டே இரு. அசைவு குறைஞ்சா ஒரு நிமிஷம் வீட்ல நிக்காத."

வீட்டுக்காரரோ ஒரகடம் போகிற வழியில் ஒரு கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தார். குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போவார். கம்பெனியில் தொழிலாளிகளைப் போனுக்குக் கூப்பிட மாட்டார்கள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் சேதியைச் சொன்னால் அவர் போய்ச் சொல்வார். ஸ்ரீபெரும்புதூர் எஸ்.டி.டி. பூத்தில் எப்போதும் ஆண்கள் கூட்டம். என்னால் போய் நிற்க முடியாது. எனவே என் தங்கை கோமளாவை அனுப்பினேன். கல்யாணமாகாத, கூச்ச சுபாவமுள்ள பெண்.

போகும்போது நான் ஒரு புத்தி சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி பிரசவம், வலின்னுல்லாம் கத்திக்கினு இருக்காத. நாள் தள்ளிப் போயிடுச்சு, மாமா வரணும்னு மட்டும் சொல்லு. அவருக்குப் புரியும்."

அவருக்குப் புரியும்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண் "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றால் மற்றவர்களுக்கு என்ன புரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. பத்து மாதத்தின் முதல் வாசலுக்கும் கடைசி வாசலுக்கும் ஒரே வார்த்தையை வைத்தது நம் மொழியின் குற்றமா, என் குற்றமா என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை (என் கணவரிடம் கேட்டால் உடனே கிடைக்கும்).

கோமளா போன் செய்தாள். வாட்ச்மேன் எடுத்தார்.

"யாரும்மா பேசறது?"

"கோமளா. தனசேகர் மாமாவோட மச்சினிச்சி."

"இன்னா விஷயம்?"

"நாள் தள்ளிப் போயிடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லுங்க. டாக்டர் பாத்துட்டாங்க. மாமா உடனே வந்து கையெழுத்து போடணும்."

"ஏம்மா, வேற யாரும் போடக் கூடாதா?"

"இதுக்கு மாமாதான் போடணும். எங்கம்மா அழுதுகினே கீறாங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாட்ச்மேன் கேட்டை அப்படியே போட்டுவிட்டு சூப்பர்வைசர் நாகரத்தினத்திடம் ஓடினார்.

நாகரத்தினம் எங்கள் வளைகாப்புக்கு வந்து பாயசம் சாப்பிட்டுப் போனவர். என் கணவரை லைனிலிருந்து தனியே கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாராம்.

"யோவ், உன் மச்சினிச்சி போன் பண்ணுச்சு. நாள் தள்ளிப் போச்சாமே?"

என் கணவர் மிகச் சாதாரணமாக, "ஆமா சார், தெரியும்" என்றிருக்கிறார்.

"தெரியுமா?"

"வூட்ல எல்லாருக்கும் தெரியும் சார். மாமியார்தான் தெனம் விளக்கெண்ணெய் குடுத்துப் பாக்கறாங்க. ஒண்ணும் கேக்கல. நான்கூட முருகனுக்கு வேண்டிக்கினு கீறேன்."

"முருகனை வேற இதுல இழுக்கறியா? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமாய்யா?"

"அவளுக்குத் தெரியாம எப்படி சார்?"

நாகரத்தினம் காதைப் பொத்திக்கொண்டாராம். இப்படி ஒரு குடும்பத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. லீவு கொடுத்தார். ஆனால் தனியாக அனுப்பவில்லை. இவன் எங்காவது ஓடிவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? கம்பெனி வேனை எடுத்து, பஞ்சாயத்துக்கு யூனியன் தலைவரையும் ஏற்றிக்கொண்டு, நடுவில் என் கணவரை உட்கார வைத்து பென்னலூருக்குப் புறப்பட்டார். என் கணவரோ, நம் பிரசவத்துக்குக் கம்பெனியே திரண்டு வருகிறதே என்று நெகிழ்ந்துபோய் வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

வேன் வந்து நின்றபோது நான் உள்ளே குந்தித் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கோமளா வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாகரத்தினம் நேராக அவள் எதிரில் போய் நின்று, உருகிய குரலில், "பயப்படாதம்மா. நாங்க கீறோம். உனக்கு நியாயம் வாங்கிக் குடுக்காம போக மாட்டோம். எத்தினி மாசம்?" என்றார்.

கோமளா எழுந்து நின்று பணிவாகச் சொன்னாள்.

"பத்து முடிஞ்சிடுச்சு சார்."

நாகரத்தினம் அவளுடைய ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். யூனியன் தலைவரைப் பார்த்தார். தலைவர் வடகத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் நான் துடைக்கும் துணியும் கையுமாக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு முன்னால் வயிறு வந்துவிட்டது. முதலில் புரிந்தது நாகரத்தினத்துக்கு. அப்படியே வேன் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்தது கோமளாவுக்கு. "ஐயோ" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கடைசியில் என் பின்னாலேயே வந்த அம்மாவுக்குப் புரிந்தது. துடைப்பம் வந்தது. யாரை அடிப்பது என்று தெரியாமல் பொதுவாக ஓங்கிக்கொண்டு நின்றாள். என் கணவர் மட்டும், "இன்னா சார், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அப்படிக் குலுங்கியும் உள்ளிருந்து ஒரு பதிலும் இல்லை.

வழக்கமாக நான் தும்மினாலே பிள்ளை உதைக்கும். காலையிலிருந்து எப்போது உதைத்தது என்று யோசித்தேன். நினைவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வயிற்றில் கையை வைத்து அழுத்தினேன், தட்டினேன், செல்லமே என்றேன். ஒன்றும் இல்லை. ஊசிக்குப் பயந்து கெஞ்சி வாங்கிய ஒவ்வொரு நாளும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் நான் அப்படிப் பயந்ததில்லை.

"அசையலைங்க" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

நாகரத்தினம்தான் முதலில் எழுந்தார். "ஏறும்மா வண்டில" என்றார். பஞ்சாயத்துக்கு வந்த வேனில் ஸ்ரீபெரும்புதூர் போனோம். முன்சீட்டில் யூனியன் தலைவர் வெளியே கையை நீட்டி லாரிகளை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே வந்தார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டரம்மா வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "துடிப்பு இருக்கு. இனி காத்திருக்க வேணாம்" என்றார். ஊசியாவது, டிரிப்ஸாவது, எதை வேண்டுமானாலும் ஏற்றுங்கள் என்று நானே கையை நீட்டினேன். சரோஜா அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். இருட்டுவதற்குள் பெண் பிறந்தாள். பிறந்த வேகத்தில் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

நர்ஸ் வெளியே போய், "குழந்தைக்கு அப்பா யாரு?" என்று கேட்டாராம். நாகரத்தினம் என் கணவரை முன்னால் தள்ளிவிட்டு, "இவர்தாம்மா. இதுக்கு மட்டும்தான்" என்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் தள்ளிப் போவதில்லை. கோமளாவின் கல்யாணத் தேதி ஒருமுறை மாறியபோது, "நாள் தள்ளிப் போச்சு" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லவந்த பெரியப்பாவின் வாயை அம்மா கையால் பொத்திவிட்டாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, கல்யாணமாகிப் போன என் மகள் போன் செய்தாள். அவள் அப்பா எடுத்தார். "அப்பா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குப்பா" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஊரெல்லாம் சொல்லு. உங்க கோமளா சித்தியை மட்டும் யாருக்கும் போன் பண்ண வுட்றாத."