நான் வெள்ளை வீசிய நாள்

படிக்கப் படிக்க அடக்கம் வரும் என்று எழுதுகிறவர்கள், ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்த பெண்ணோடு ஒரு நாள்கூடக் குடியிருந்திருக்க மாட்டார்கள். எனக்குப் படிப்பு வந்து சேர்ந்தது. அடக்கம் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

என் அப்பா கைநாட்டு. அம்மாவுக்குக் கைநாட்டு வைக்கும் சந்தர்ப்பம்கூட வாய்த்ததில்லை. நான் மட்டும் புதுக்கோட்டை டவுனில் விடுதியில் தங்கி, பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து முடித்திருந்தேன். லீவில் ஊருக்கு வந்தால் கோழியை விரட்டுவதுகூட இங்கிலீஷில்தான். (கோழி நகராது. அதற்குத் தமிழ்தான் தெரியும்.)

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை அது. திருச்சியில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை என்பதால் எங்கள் வீட்டில் எதுவும் நடந்துவிடாது. பெரியப்பா சரி என்று சொல்ல வேண்டும். அவர்தான் ஊர் அம்பலம். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது முதல் கண்மாய் மடை திறப்பது வரை அவர் வாயசைந்தால்தான் ஊர் அசையும்.

“டவுன்ல படிச்சது பத்தாதாமா? திருச்சிக்குப் போயி என்ன செய்யப் போறாளாம்?” என்று கேட்டார்.

“டீச்சராகப் போறேன் பெரியப்பா.”

“ஒன்னைய யாரு கேட்டா? ஒங்கப்பனைக் கேட்டேன்.”

அப்பா மாட்டைப் பார்த்தார். மாடும் பதில் சொல்லவில்லை.

“மீன்பிடி முடியட்டும், பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து போனார்.

இந்தச் சமயத்தில் சர்ட்டிபிகேட் வாங்க டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான் மிஸ் மோர்கனைப் பார்த்தேன். எங்கள் இங்கிலீஷ் டீச்சரின் தோழி. விடுமுறைக்கு வந்திருந்தார். அவரை இங்கிலீஷ்காரி என்று சொன்னால் முகம் சிவந்துவிடும். “நான் வேல்ஸ்” என்பார். அந்த வேல்ஸ் பூமிப்படத்தில் என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. அவர் சொல்லக் கேட்டால் அங்கே மலை, ஏரி, ஆடு, மழை, இந்த நான்கையும் தவிர வேறொன்றும் இல்லை போலிருந்தது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ரயிலேறி ஆட்கள் வருகிறார்களாம்! வந்து மலை ஏறுகிறார்களாம்.

“மலை உச்சியில் கோயில் இருக்குமா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“பிறகு எதற்கு ஏறுகிறார்கள்?”

மிஸ் மோர்கன் யோசித்துப் பார்த்தார். “இறங்குவதற்குத்தான் என்று நினைக்கிறேன்” என்றார்.

அவருக்கு நாட்டுப்புறம் பார்க்க வேண்டும், யாராவது அழைத்துப் போக முடியுமா என்று டீச்சர் கேட்டதும், மற்றவர்கள் மூச்சு விடுவதற்குள் நான் எழுந்து நின்றேன். வெள்ளைக்காரி ஒருத்தி என் பின்னால் நடந்து வருவதையும், நான் இங்கிலீஷ் பேசிக்கொண்டே ஊருக்குள் நுழைவதையும், பெரியப்பா வாயடைத்துப்போய் “இவளைத் திருச்சிக்கு அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவது?” என்று சொல்வதையும் அந்த நிமிஷமே பார்த்துவிட்டேன்.

“உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் என்னவெல்லாம் பார்ப்பார்கள்?” என்று மிஸ் மோர்கன் கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் ஊருக்குக் கல்யாணத்துக்கு வருவார்கள், கேதம் விசாரிக்க வருவார்கள், காணாமல்போன மாட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். பார்க்க என்று ஒருவரும் வந்ததில்லை. ஆனாலும் விடுவேனா? பாறைக்குன்று, அதன் மேலே சுனை, அய்யனார் கோயில் மண் குதிரைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்மாய் மீன்பிடித் திருவிழா என்று அடுக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பிறந்த ஊரைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

ஊருக்கு அழைத்து வந்த மறுநாளே குன்றில் முதல் அவமானம். நான்தான் வழிகாட்டி. பாதி ஏறுவதற்குள் வழிகாட்டி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். மிஸ் மோர்கன் பூட்ஸ் காலோடு ஆடு மாதிரி தாவி உச்சிக்குப் போய், மேலிருந்து “வழி இதுதானே?” என்று என்னைக் கேட்டார். சுனையைக் கண்டதும் குளிக்க வேண்டும் என்றார். தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவது அவர்கள் ஊர் வழக்கமாம். அதற்காகப் பாய் அகலத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டைச் சதா தோளில் போட்டுக்கொண்டே திரிந்தார். குடிக்கிற தண்ணீர் என்று கெஞ்சித் தடுத்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை.

“ஏண்டி, இந்தப் புள்ளைக்கு என்ன வயசிருக்கும்?”

“நாப்பது இருக்கும்மா.”

“இன்னும் கட்டிக்குடுக்கலையா? ஐயோ பாவம். அதான் மலை மலையா ஏறுது.”

மீன்பிடி நாள் விடிந்தது.

இந்தத் திருவிழாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், அம்பலம் நாள் குறிப்பார். எங்கள் ஊருக்கும் அக்கரை ஊருக்கும் கண்மாயில் சரிபாதி உரிமை. இரண்டு ஊரும் ஊத்தா, வலை, பழைய வேட்டி சகிதம் கரையைச் சுற்றி நிற்கும். (ஊத்தா என்பது மூங்கிலில் பின்னிய, அடியில்லாத கூடை. மீனின் மேல் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பிடிப்பார்கள்.) கருப்பருக்குச் சூடம் காட்டி முடித்ததும், அம்பலம் கரையில் நின்று ஒரு வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் வீசுவார். அதற்கு வெள்ளை வீசுவது என்று பெயர். அந்த நொடி எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். அதுவரை ஒரு கால் நனையக் கூடாது. பெரியப்பாவின் அப்பா வீசினார், அவருடைய அப்பா வீசினார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இவ்வளவையும் மிஸ் மோர்கனுக்கு இங்கிலீஷில் விளக்கினேன். “வெள்ளை வீசும் வரை ஒரு வாத்துகூடத் தண்ணீரில் இறங்காது” என்று நானாகவே ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். என்ன ஒழுங்கு என்று அவர் வியந்தார். என் தலை கனத்தது.

எங்கள் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அக்கரை ஊர்க்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பெரியப்பா ஆலமரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, கருப்பருக்குத் தேங்காய் உடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். வீச வேண்டிய துண்டு தாம்பாளத்தில் மடித்தபடி இருந்தது.

மிஸ் மோர்கன் தம் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, காமிராவோடு கரை மேலே நடக்கப் போனார். நான் சொந்தக்காரப் பெண்களிடம் வேல்ஸ் தேசத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

அவர் மடை மேல் நின்றார்.

கரையை ஒட்டிக் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நிறுத்தி, குறுக்கே ஒரு கல் போட்டிருக்கும். அதுதான் எங்கள் மடை. அந்தக் கல்லில் மடைக் கருப்பர் குடியிருக்கிறார். மடை திறக்கிறவர்கூடக் கும்பிட்டு, வெறுங்காலோடுதான் ஏறுவார். அதன் மேல் பூட்ஸ் காலோடு நின்றுகொண்டு மிஸ் மோர்கன் கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு தடவை திரும்பினால் போதும், திருச்சி போய்விட்டது!

“மிஸ்! மிஸ்!” என்று கத்தினேன். அத்தனை ஜனத்தின் இரைச்சலில் என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. கரையின் உயரமான இடத்துக்கு ஓடி ஏறினேன். அவர் என் பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. கையிலிருந்ததைத் தலைக்கு மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

கையிலிருந்தது அந்தத் துண்டு.

ஊரே என் பக்கம் திரும்பியது. பிறகு “ஹோ” என்று ஓர் இரைச்சல். இடி விழுந்தது என்றே நினைத்தேன். கரை சரிந்து கண்மாய்க்குள் விழுந்த மாதிரி எங்கள் ஊர் தண்ணீருக்குள் விழுந்தது. ஆண், பெண், ஊன்றுகோலோடு வந்த கிழவர், எல்லோரும். சேறு எழும்பியது. ஊத்தாக்கள் மேலும் கீழும் பறந்தன. “நில்லுங்க! நில்லுங்க!” என்று அலறினேன். (துண்டை இன்னும் வீசிக்கொண்டேதான் அலறியிருக்கிறேன். பின்னால்தான் சொன்னார்கள்.) மிஸ் மோர்கன் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், திருவிழா ஆரம்பமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, மடையிலிருந்து பூட்ஸோடு கண்மாய்க்குள் குதித்தார்.

பெரியப்பா திரும்பினார். கையில் உடைக்காத தேங்காய். கருப்பருக்கு எதிரே கொளுத்தாத சூடம். தாம்பாளத்தில் மடிப்புக் கலையாத துண்டு. அவர் அந்தத் துண்டைப் பார்த்தார், பிறகு கண்மாயைப் பார்த்தார், பிறகு மறுபடியும் துண்டைப் பார்த்தார். அதே சமயத்தில் அக்கரை ஊர்க்காரர்கள் வரிசையாகக் கரையேறி வந்தார்கள்.

வந்தவர்கள் சிலையாக நின்றார்கள். அவர்கள் அம்பலம் பெரிய மீசைக்காரர். அந்த மீசை நடுங்கியதை அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்தேன்.

“என்னங்க அம்பலம் இது? நாங்க வர்றதுக்குள்ள எறங்கிட்டீங்களா? இது எந்தூரு நாயம்?”

பின்னாலிருந்து ஒருவன், “ஊத்தாவக் கீழ போட்டுட்டுக் கம்ப எடுங்கடா” என்றான்.

தண்ணீருக்குள் நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் வேட்டியில் துள்ளிய கெண்டையைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

“வெள்ளை வீசுனது யாரு?” என்று மீசைக்காரர் கேட்டார்.

முழங்காலளவு சேற்றில் நின்ற எங்கள் ஊர் முழுக்கக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் கையில் துண்டு. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். பாய் அகலத் துண்டு, இரண்டு பக்கமும் தெரிந்தது.

“ஒரு பொட்டப்புள்ளையா?” அவர் குரலில் கோபம் போய் அதிர்ச்சி வந்துவிட்டது. “அம்பலம், ஒங்களைக் கேக்காம ஒங்கூருல ஒரு பொட்டப்புள்ள வெள்ளை வீசுதா?”

பெரியப்பா தேங்காயை மெதுவாகக் கீழே வைத்தார். ஆமாம் என்று சொன்னால் அவர் அம்பலமாக இருந்து என்ன பிரயோசனம்? அவர் முகத்தில் இரண்டு தலைமுறை கணக்குப் போட்டதை நான் பார்த்தேன்.

“கேக்காம எப்படிங்க வீசும்? நாந்தான் வீசச் சொன்னேன்” என்றார்.

என் அப்பா வாயைப் பிளந்தார்.

“எந்தம்பி மக. டவுன்ல படிச்ச புள்ள. இந்தத் தடவை அது வீசட்டும்னு நாந்தான் சொன்னேன். நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சு அவசரப்பட்டுருச்சு. தப்பு எங்க பக்கம். எங்க ஊரு கரையேறும். மடைப்பள்ளம் முழுசும் ஒங்களுக்கு.”

மடைப்பள்ளம்! விரால் மீன் முழுவதும் வெயிலுக்குப் பயந்து பதுங்கிக் கிடக்கும் பள்ளம் அது. கண்மாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். முனகல் நின்றது. எங்கள் ஊர் ஒவ்வொருவராகக் கரையேறிச் சொட்டச் சொட்ட உட்கார்ந்தது. எங்கள் கண்ணெதிரே அக்கரை ஊர்க்காரர்கள் தொடை தொடையாக விரால் அள்ளினார்கள்.

கரையேறாத ஒரே ஆள் மிஸ் மோர்கன். அவரிடம் சொல்ல யாருக்கும் பாஷை தெரியவில்லை. தெரிந்த எனக்கு நாக்கு எழவில்லை. யாருடைய ஊத்தாவையோ வாங்கிக் கவிழ்த்து, ஒரு விராலைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, “எங்கள் ஊரில் இவ்வளவு பெரிது கிடையாது!” என்று என்னைப் பார்த்துக் கூவினார்.

பக்கத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த என் அத்தை, “அந்தம்மா என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

மொழிபெயர்த்தேன்.

“இனிமே எங்க ஊருலயும் கெடையாதுன்னு சொல்லு” என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். திருச்சி இல்லை, இனி டவுன் இல்லை, ஏதாவது ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பார் என்றே நினைத்தேன்.

“அந்தத் திருச்சிப் பள்ளிக்கொடம் எப்பத் தொறக்குது?” என்றார்.

“ஆனி மாசம்னு சொல்லுதுண்ணே” என்றார் அப்பா.

“அனுப்பிவிடு. இவளை ஊருல வச்சிக்கிட்டு இன்னொரு மீன்பிடி நடத்த எனக்கு உசுரு இல்ல.”

“லீவுக்கு…”

“லீவுக்கு வரட்டும். அதுக்கென்ன. மீன்பிடிக்கு மட்டும் வேணாம்.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கெட்டிக்காரி என்று அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். வெடிமருந்தை வீட்டுக்கு வெளியே வைப்பதுபோல் அனுப்பினார்கள். என் கர்வத்துக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

இப்போது நான் டீச்சர். சம்பளம் வாங்குகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். ஊரில் ஒருவரும் அதை மதிப்பதில்லை. நான் கொடியில் துணி காயப்போட்டால் எதிர்வீட்டில் “ஊத்தாவ எடுடா” என்று குரல் கேட்கிறது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.

போன லீவு முடிந்து பஸ் ஏறினேன். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். வெறும் கைதான். சாலையோரம் நின்ற அப்பா, அண்ணன் முன்னால் வாயே திறக்காத என் அப்பா, திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையோரத்து வாய்க்காலுக்குள் குதித்தார். டிரைவர் பயந்துபோய் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“என்னப்பா ஆச்சு?” என்று பதறினேன்.

முழங்கால் சேற்றில் நின்றபடி அப்பா சொன்னார்: “நீ கையை வீசிட்டியே ஆத்தா. நாங்க எறங்காம இருக்க முடியுமா?”