கன்னமெல்லாம் மெஹ்ரீன்

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு மாலை.

பாசத்துக்குரிய தபீதாள் அக்காவுக்கு,

தம்பி ஞானையா வணக்கத்தோடும் கொஞ்சம் வருத்தத்தோடும் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், சாராள், பிளஸ்ஸி மூவரும் சுகம். பாளையங்கோட்டையில் நீயும் அத்தானும், உன் முழங்காலும் அத்தானுடைய சர்க்கரையும், ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ ஒரு குரல்செய்தி போட்டாய். "நம்ம குடும்பத்துல யாரும் பக்கத்து ஆளு பேப்பரப் பாத்து எழுதுனது கெடையாது. பிளஸ்ஸி மொத ஆளா ஆரம்பிச்சிருக்கா" என்று சொல்லியிருந்தாய். சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள், கனடாவில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கணக்கு டீச்சராக இருந்து எத்தனையோ பேரைக் காப்பியடிக்கும்போது பிடித்தவள் நீ. ஆனால் இந்த முறை ஆளை மாற்றிப் பிடித்துவிட்டாய் அக்கா. பிடிக்க வேண்டியது என்னை.

பிளஸ்ஸி வாரநாளில் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகிறாள், சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகளின் முகத்தில் புலி, பட்டாம்பூச்சி என்று வண்ணப்படம் வரைகிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் அவளுக்கு உதவியாள். தண்ணீர் மாற்றுவேன், ஸ்பாஞ்சு பிழிவேன், வரைந்து முடித்ததும் பிள்ளைக்குக் கண்ணாடி காட்டுவேன், அது அழுதால் பிஸ்கட் கொடுப்பேன். இது தவிர அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படம் ஏற்றுவதும் என் பொறுப்பு. போன மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு பிறந்தநாளில் அவள் ஒரு பாதி முகச் சிறுத்தை போட்டாள். ஒரு பக்கம் சிறுத்தை, மறு பக்கம் அந்தப் பிள்ளையின் சொந்த முகம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபடி படத்தை எனக்கு அனுப்பி, "அப்பா, இது மெஹ்ரீன் அக்கா டிசைன். கீழ அவங்க பேரப் போட்டுடுங்க" என்றாள். நான் யோசித்தேன். வரைந்த கை என் மகளுடையது, பெயின்ட் என் மகளுடையது, ஸ்பாஞ்சு நான் பிழிந்தது, இதில் மூன்றாம் மனுஷி பெயர் எதற்கு? அதனால் "முழுக்க முழுக்க என் மகளின் சொந்தக் கற்பனை" என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றும் சேர்த்து ஏற்றிவிட்டேன். பெற்ற மனம் அக்கா. உனக்குப் புரியும்.

மெஹ்ரீன் யார் என்று கேட்பாய். மேற்குத் தாம்பரத்தில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். இந்தப் பக்கத்தில் முகத்தில் வரைகிறவர்கள் எல்லாருக்கும் அவள்தான் முன்னோடி. பிளஸ்ஸி பிரஷ் பிடிக்கக் கற்றதே அவளுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான். நாவலூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் திருவிழாவுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், கூடவே வரைய பிளஸ்ஸியை அழைத்துப் போவதாகவும் சொல்லியிருந்தாள். பிளஸ்ஸி அந்தச் சந்தோஷத்தில் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். அந்த நேரத்தில்தான் நான் போட்ட சிறுத்தைக்குக் கீழே மெஹ்ரீன் வந்து ஒரே வரி எழுதினாள்: "அழகா இருக்கு. யாரோட டிசைன்னு போட்டிருந்தா இன்னும் அழகா இருக்கும்." அவ்வளவுதான். அதற்குக் கீழே வண்டலூர், மேடவாக்கம், பல்லாவரம் என்று எல்லா ஊர் ஓவியர்களும் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். உன் கண்ணில் பட்டதும் அதுதான்.

சாயங்காலம் பிளஸ்ஸி வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "பாத்து வரையறது தப்பில்லப்பா. எல்லாரும் அப்படித்தான் கத்துக்கறோம். யாரைப் பாத்து வரைஞ்சோம்னு சொல்லாம இருக்கறதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, சமைச்சவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போற மாதிரி." அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. நாவலூர் பற்றி மெஹ்ரீனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. சுத்தமாக இருக்கிற பிரஷ்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சாராள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அதை ஒரு தண்டனை என்று நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

நன்றி சொல்லாத குற்றம் யார் மேல் வந்திருக்கிறது பார். என் மேல்! எங்கள் சபையில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை நான்தான். ஆயரில் ஆரம்பித்து, பந்தல் போட்டவர், மைக் செட்காரர், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வந்தவர் வரை ஒருவரையும் விடமாட்டேன். பிரியாணி ஆறினாலும் ஜனங்கள் ஆறினாலும் நான் நிறுத்தியதில்லை. என் கொள்கை ஒன்றுதான். ஒருவருக்கு நன்றி விட்டுப்போவதைவிட, சம்பந்தமில்லாதவருக்குச் சேர்த்துச் சொல்லிவிடுவது மேல். இதையே இங்கேயும் செய்தால் போயிற்று என்று தீர்மானித்தேன். நேற்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஒரு பக்கம் காய்கறி ஏலம், ஒரு பக்கம் அதிரசம், கட்லெட். வேப்பமரத்தடியில் பிளஸ்ஸியின் ஃபேஸ் பெயின்டிங் கடை. அவள் முகம் வாடித்தான் வந்தாள், வருவதாக முன்பே சொல்லிவிட்ட சொல்லுக்காக.

பிள்ளைகள் வரிசை வாசல் கேட் வரை நின்றது. சிறுத்தை, பட்டாம்பூச்சி, மயில் என்று அவள் குனிந்த தலை நிமிராமல் வரைந்தாள். முடிந்த பிள்ளை என்னிடம் கண்ணாடி பார்க்க வரும். நான் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் மெல்லிய பிரஷை எடுத்து, படத்துக்குக் கீழே கன்னத்தில் "மெஹ்ரீன்" என்று எழுதி அனுப்பினேன். எந்தப் படம் மெஹ்ரீனுடையது, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் எழுதினேன். பிளஸ்ஸி பார்க்கவில்லை. மனசு நிறைந்து போயிற்று. பாவத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

முதலில் ஷெர்வினுடைய அம்மா வந்தாள். ஷெர்வின் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். "ஏன் அங்கிள், இவன் கன்னத்துல எதுக்கு ஒரு பொண்ணு பேரு? இவங்க அப்பா பாத்தா என்ன நினைப்பாரு?" என்றாள். "அது நன்றிம்மா" என்றேன். அவள் ஷெர்வினை இழுத்துக்கொண்டு போனாள். அடுத்து சபைச் செயலர் வேகமாக வந்தார். அடுத்த மாதம் எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல். அந்த நேரத்தில் இங்கே எந்தப் பெயரை எங்கே எழுதினாலும் ஜனங்களுக்கு அது ஓட்டு வேட்டையாகத்தான் தெரியும். "ஞானையா சார், உண்மையச் சொல்லிடுங்க. யாரு இந்த மெஹ்ரீன்? எந்த அணி? நம்ம பதிவேட்டுலயே இல்லாத ஆளை எப்படி நிறுத்தறீங்க?" என்று மூச்சு வாங்கினார். இதற்குள் ஏலம் போடுகிறவருக்கும் சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, "அடுத்ததாக இந்தப் பூசணிக்காய், மெஹ்ரீன் அம்மா ஆதரவாளர்கள் கேட்கலாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். எதிரணிக்காரர்கள் ரோஷப்பட்டுக்கொண்டு கேட்டதில், அந்தப் பூசணி சபை சரித்திரத்தில் இல்லாத விலைக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் மெஹ்ரீனே உள்ளே வந்தாள். பிளஸ்ஸி வரச்சொல்லியிருக்கிறாள், நேரில் மன்னிப்புக் கேட்க. எனக்கு அது தெரியாது. நேராக என்னிடம் வந்து நின்றாள். "இன்னா அங்கிள் இது? கேட்டாண்ட ஒரு சிறுத்தை ஓடியாந்துச்சு, கன்னத்துல என் பேரு. இந்தாண்ட திரும்புனா ஒரு பட்டாம்பூச்சி, அதுலயும் என் பேரு. காம்பவுண்டு பூரா நான்தான் கீறேன்!" என்றாள். பிளஸ்ஸி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பிரஷைப் பார்த்தாள். நான் கண்ணாடியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மெஹ்ரீன் சிரிக்க ஆரம்பித்தாள் அக்கா. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. இவ அழுதுகினே வாய்ஸ் மெசேஜ் போட்டா, அப்பவே பூடுச்சு. கட பேஜார்ல பதில் போட முடியல, அவ்ளோதான். நாவலூருக்கு இவ இல்லாம நான் எப்பிடி போவேன்?" என்றாள். பிளஸ்ஸியின் முகத்தில் ரத்தம் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் விஷயம். மெஹ்ரீன் ஒரு மயில் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "சிறுத்த என்னுது, சரி. இந்த மயிலு என்னுது இல்லியே அங்கிள். இது பிளஸ்ஸிது. நானே இவ இன்ஸ்டா பக்கத்துல பாத்துதான் போட்டேன்" என்று தன் போனை எடுத்துக் காட்டினாள். அதில் வேறு யாரோ ஒரு பிள்ளை, நெற்றியில் அதே மயில், கீழே தெளிவாக எழுதியிருக்கிறது: "டிசைன்: பிளஸ்ஸி, தாம்பரம்." அக்கா, இதுவரை என் மகள் பெயரை நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறொருவர் தாமாகச் சொல்லி, அதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அப்புறம் சட்டென்று உறைத்தது. என் மகள் கற்பனை செய்த மயிலுக்கெல்லாம் நானே அடுத்தவள் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன்! ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மயில்களைத் துரத்தினேன். எதுவும் லேசில் பிடி கொடுக்கவில்லை. அகப்பட்ட ஒன்றிரண்டுக்குப் பெயரோடு தோகையும் போயிற்று. பிளஸ்ஸியும் மெஹ்ரீனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தோகை போன மயில்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்ப வரைந்து கொடுத்தார்கள். சாராள் என்னோடு பேசினாள். "போதும், வந்து உக்காருங்க" என்றாள். கட்லெட் கொடுத்தாள்.

ஆகையால் அக்கா, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். குடும்பக் குழுவில் நீ பேசியதை நீயே திரும்பப் பெற வேண்டும். சிறுத்தைக்கு இப்போது முறைப்படி மெஹ்ரீன் பெயர் போட்டாயிற்று. மயில் விஷயத்தில் என் மகள் யார் பேப்பரையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தோகை விரிப்பு, அந்தக் கழுத்து வளைவு, கண்ணோரத்தில் அந்த இரட்டைப் புள்ளி எல்லாமே அவள் மூளையில் உதித்தவை. இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன். மைக் மட்டும் தர மாட்டார்கள். இனி நான் கண்ணாடி பிடிப்பதோடு சரி, யார் பெயரையும் எங்கும் எழுதுவதில்லை என்று சாராளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். மாத்திரையை நேரத்துக்குக் கொடு, அல்வாவை ஒளித்து வை. கர்த்தர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகமும் நல்ல தூக்கமும், உனக்கு மட்டும் கொஞ்சம் மன்னிக்கும் மனசும் தரட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஞானையா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பிளஸ்ஸி இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஐயோ அப்பா! அந்த மயில் தபீதாள் அத்தை நமக்கு எம்ப்ராய்டரி போட்டுக் கொடுத்த தலையணை உறையில இருக்கறது. அன்னிக்கே 'டிசைன்: தபீதாள் அத்தை'ன்னு போடச் சொன்னேனே, நீங்க போடலையா?" என்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தேன். தோகை, கழுத்து, இரட்டைப் புள்ளி, எல்லாம் அப்படியே இருக்கிறது. எத்தனை வருஷமாகத் தலை வைத்துப் படுத்திருக்கிறேன்! இத்தனை தாள் எழுதியாயிற்று, கிழிக்க மனசில்லை, அனுப்புகிறேன். மெஹ்ரீனுக்கும் சொல்லியாயிற்று, அவள் பக்கத்தில் இப்போது உன் பெயர்தான் இருக்கிறது. நாவலூர்த் திருவிழாவில் பிள்ளைகளெல்லாம் உன் மயிலோடுதான் திரியப்போகிறார்கள். மெஹ்ரீன் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள், உடனே பதில் எழுது: நீ அந்த மயிலை யாரைப் பார்த்துப் போட்டாய்?