டிஸ்கோ அண்ணாத்தேயின் இடது பக்கம்

சென்னைக்கு மேற்கே கார் ஓட்டத் தெரியாமலே கார் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்புவதற்கு இன்னொருவன் கையை நம்பியிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டிஸ்கோ அண்ணாத்தே. அந்தக் கை என்னுடையது.

அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் அதைத் தேடிப் போகவில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி அதில் அவர் மாட்டிய விளக்குகளைப் பார்த்த அன்றே குடியிருப்பு இந்தப் பெயரை வைத்துவிட்டது. முகப்பில் நீலம், வயிற்றுக்கடியில் பச்சை, நான்கு மூலையிலும் ஓடி ஓடி எரிகிற மஞ்சள் எல்.இ.டி. ஆடி மாதத்து அம்மன் பந்தலுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும்.

நான் அப்போது ஊருக்குப் புதிது. சேலத்திலிருந்து வந்து, அம்பத்தூர் பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தவனை ஒரு நாள் பக்கத்தில் வந்த பந்தல் கூப்பிட்டது. "இன்னாத்துக்கு நைனா தொங்கினு கீற? எறங்கி வா, நம்ம வண்டில குந்து!" அன்றிலிருந்து அந்த முன்சீட்டுதான் எனக்கு. அது சும்மா கிடைத்த சீட்டில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அவர் வண்டியில் வலது பக்கத்து இண்டிகேட்டர் ஒழுங்காக எரியும். இடது பக்கம் மட்டும் எரிந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. முதலில், புது எல்.இ.டி. மாட்டியதும் பேய் பிடித்த மாதிரி படபடவென்று துடித்தது. இந்த லைட் இழுக்கிற கரண்டு போதாமல் துடிக்கிறது, நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சாதாரண மனிதன் மெக்கானிக்கிடம் போவான். இவர் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, தானே வண்டிக்கடியில் படுத்தார். துடிப்பு நின்றது. அதற்குப் பிறகு நினைத்தபோதெல்லாம் விளக்கும் நின்றது.

எனவே இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அண்ணாத்தே, "நைனா, கைய நீட்டு!" என்று கத்துவார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டுவேன். மழையில் நீட்டினேன், வெயிலில் நீட்டினேன். எதிர்ப் பக்கம் போன தெரியாத மனிதர்களெல்லாம் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். பி.இ. படித்தவன் செய்கிற வேலையா இது?

"அண்ணே, இதை யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்றேன்.

"இது ரிப்பேரு இல்ல நைனா, கண்ணு திஷ்டி. எங்க வம்சத்துலயே மொத காரு. ஊரே பாத்து வயிறெரியுது."

வண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. வயிறெரிந்தவர்கள் எங்கே இருந்தார்களோ! ஆனால் அவர் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். எல்லோரும் நடுவில் கட்டுவார்கள். இவர் இடது ஓரத்தில், லைட்டுக்கு அடியில் கட்டினார். காரணம் கேட்டேன். "பஸ் ஸ்டாப்புல நிக்கறவன்லாம் எந்தப் பக்கம் நிக்கறான்? லெஃப்டுல. அப்ப கண்ணு எங்க படும்?" என்ன ஒரு மூளை!

லைட் இன்னும் மோசமானது. அவர் எலுமிச்சம்பழத்தை மூன்றாக்கினார். மேலும் மோசமானது. படிகாரக் கட்டி சேர்ந்தது, ஆகாச கருடன் கிழங்கு சேர்ந்தது. வெள்ளிக்கு வெள்ளி புது மாலை கட்டுவார், சனிக்கிழமை லைட் செத்திருக்கும். பூசணிக்காய் ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் நானே பிடிவாதமாகப் பூந்தமல்லியில் ஒரு பாயிடம் இழுத்துக்கொண்டு போனேன். கார் எலக்ட்ரிக் வேலையில் நல்ல பேர் வாங்கியவர். பாய் வண்டியைச் சுற்றி வந்து, முதல் காரியமாக அந்த மாலையை இரண்டு கையாலும் அவிழ்த்து, சுவரில் இருந்த ஆணியில் பத்திரமாக மாட்டினார். "சாமி சமாச்சாரம். கிரீஸ் கை படக்கூடாது பாருங்க." பிறகு ஸ்விட்சைப் போட்டார். இடது பக்கம் அழகாக எரிந்து எரிந்து அணைந்தது.

"நல்லாத்தானே கீது அண்ணாத்தே? இதுக்கு நான் இன்னா வைத்தியம் பாக்கறது?"

மாலையை அண்ணாத்தே திரும்பக் கட்டிக்கொண்டார். தெருமுனை தாண்டுவதற்குள், "நைனா, கைய நீட்டு!" இதே கூத்து இரண்டு தடவை நடந்தது. மூன்றாம் தடவை பாய் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அதற்குள் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. வானகரம் ரோட்டில் ஒரு நாள் அவர் மனைவி முன்சீட்டில் இருந்தார். சிக்னல் எரிகிறது என்று நம்பி அண்ணாத்தே இடது பக்கம் ஒடிக்க, உரசிக்கொண்டு வந்த பைக்குக்காரன் மயிரிழையில் தப்பித்தான். வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் எதிரிலேயே தீர்ப்பு சொன்னார்.

"இன்னாங்க, வர்ற வெள்ளிக்கெழம மாங்காடு போறோம். போற வழில அந்த லைட்டு ஒரு தபா செத்தாக்கூட வண்டி எடைக்குப் போவுது. எனக்கு தாலிதான் முக்கியம்."

அண்ணாத்தேயின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "வண்டி பூட்ச்சுன்னா நான் திருப்பி பஸ்சுல தொங்கணும் நைனா. சாவுற வரைக்கும் தொங்கமாட்டேன்னு மாங்காட்டு காமாட்சிக்கு வாக்கு குட்த்துகீறேன்" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன், வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், பூசணிக்காயும் சேர்ந்துவிட்டிருந்தது. சின்னதுதான், பிஞ்சு. நான் முன்சீட்டில், அண்ணி பின்சீட்டில்.

"தம்பி, நீ கைய வெளிய நீட்டக் கூடாது. லைட்டுதான் சொல்லணும்."

கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். மாங்காடு வரை இடது திருப்பமே வராமல் சுற்றி ஓட்டினார் அந்தப் புண்ணியவான். கோயில் தெருவுக்கு மட்டும் இடது பக்கம் திரும்பியே ஆக வேண்டும். ஸ்விட்சைப் போட்டார். விளக்கு ஒரு முறை கண்ணைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அண்ணாத்தே என்னைப் பார்த்தார். என் கை தானாக மேலே வந்தது.

"தம்பி!" என்றார் அண்ணி.

வண்டி ஓரமாக நின்றது. அண்ணி இறங்கி முன்னால் போனார். கோபத்தில் அந்த மாலையை ஒரு கையால் தூக்கினார். லைட் எரிந்தது. விட்டார், அணைந்தது. தூக்கினார், எரிந்தது. பூ விற்கிறவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி குனிந்து பார்த்தார். இடது பக்கத்து லைட்டுக்கெல்லாம் சேர்த்து எர்த் போகிற ஒரே ஒரு கறுப்பு ஒயரில்தான், கறுப்புக் கயிற்றால், காய்கறிக் கடை மொத்தமும் கட்டியிருந்தது. ரெசிஸ்டர் போட்ட அன்று அவர் சரியாக முடுக்காமல் விட்ட போல்ட்டிலிருந்து, பாரம் இழுக்க இழுக்க ஒயர் கழன்றுகொண்டிருந்தது.

"கட்றதுக்கு கொக்கி இல்ல... சும்மா கெடக்குற ஒயர்தானேன்னு..." என்று இழுத்தார் அண்ணாத்தே.

"மாலையா, வண்டியா? ஒண்ணு சொல்லு."

நடுத்தெருவில் நின்று அந்த மனிதர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்! பிறகு ஈனக்குரலில், "வண்டி" என்றார். "ஆனா கண்ணு பட்டுச்சுன்னா?"

"இந்த வண்டிய எவன்யா கண்ணு வைக்கப் போறான்?" என்றார் அண்ணி. பூக்காரம்மா கைதட்டினார்.

பாய் போல்ட்டை முடுக்கிக் கொடுத்தார், வண்டி பிழைத்தது. இடது பக்கம் இன்றுவரை பழுதில்லாமல் எரிகிறது. அது அம்மன் மகிமை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். திருந்துகிற ஜென்மமா அது?

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் திருப்பத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அண்ணாத்தே என் மடியைப் பார்த்தார். பிறகு, "லைட்டு கெடக்குது வுடு. நீயும் நீட்டு நைனா" என்றார். நீட்டினேன். நான் பாரிவாக்கத்துக்கு வீடு மாறிப் போகிறவரை நீட்டினேன்.

போன வாரம் ஒரு டாக்சியில் முன்சீட்டில் போனேன். இடது திருப்பத்தில் டிரைவர், "சார், கைய உள்ள எடுங்க, இண்டிகேட்டர் போட்டிருக்கேன்" என்றார். அப்போதுதான் என் கை வெளியே இருப்பதைப் பார்த்தேன். உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்கு வேலையில்லாத வண்டியில் போக எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.