10,22,117-ஐ எதுவும் வகுக்காது

முகம் முழுக்கச் சோப்பு நுரை. குழாயில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றே போயிற்று. மணி ஆறு. தினமும் இதே ஆறு.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் துண்டால் துடைத்துக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் இணைப்பு எண் கேட்டாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும்.

"10,22,117. பகா எண்மா. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது."

"சரி சார். புது இணைப்பு குடுத்துடறோம். நம்பர் மாறும்."

"அப்ப வேண்டாம்."

அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? மனைவி போனபின், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டர் அட்டையை வைத்துக்கொண்டு வகுத்து வகுத்துப் பார்த்தவர் மனுஷன். இரண்டு, மூன்று, ஐந்து என்று நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். 997 முடிந்ததும் நோட்டும் முடிந்தது. இதுவரை ஒட்டாதது இனிமேலா ஒட்டப்போகிறது என்று மூடிவிட்டார். அதுவும் நம்மைப் போலத் தனிக்கட்டை என்று ஓர் ஆறுதல். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. அந்த எண்ணையும் விட்டுக்கொடுத்தால் அவருக்கென்று என்னதான் மிஞ்சும்?

ஆகவே மோட்டார் வாங்கினார். இரண்டு நாள் அருவி மாதிரிக் கொட்டியது. மூன்றாம் நாள் பழைய கதை. பெரிய மோட்டார் வாங்கினார். அதன் ஜம்பமும் ஒரு வாரம்தான். ஐந்து மணிக்கே எழுந்தார். குழாய்க்குக் காது முளைத்துவிட்டதோ என்னவோ, ஐந்து மணிக்கே நின்றது. வந்த ஆத்திரத்தில் இரண்டு மோட்டாரையும் சேர்த்துப் போட்டார். தெருவுக்கடியில் குழாய் பிய்த்துக்கொண்டு வாசலெல்லாம் குளமாயிற்று.

குழாய் பிட்டர் வந்து பள்ளம் தோண்டினார். கடிகாரக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றார். எதை வேண்டுமானாலும் வெட்டு, நம்பரில் மட்டும் கை வைக்காதே என்று கெஞ்சினார். பகா எண், நோட்டு, 997 எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

பிட்டர் நிமிர்ந்து பார்த்தார். "1009ஆல வகுத்தீங்களா சார்?"

"அது என் வீட்டு நம்பராச்சே?"

"அதாலதான் கேக்கறேன். ஒரே குழாயில ரெண்டு வீடு இருந்தா, ரெண்டு கதவு நம்பரையும் பெருக்கித்தான் எங்க ஆபீஸ்ல இணைப்பு நம்பர் போடுவாங்க."

கடிகாரக்காரர் குந்தி உட்கார்ந்து ஈர மண்ணில் விரலால் வகுத்தார். 1013. மீதி பூஜ்யம். இன்னும் ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாம், அதுவும் தன் வாசலிலேயே தொங்கிய எண்ணை.

பிட்டர் பூட்டிய வீட்டுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"1013ல ஒரு அம்மா தனியா இருக்காங்க சார். பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்ல, தண்ணியை மட்டும் யாரோ இழுக்கறாங்கன்னு எட்டு மாசமா எங்களுக்கு எழுதி எழுதி, அவங்களும் ரெண்டு மோட்டார் வாங்கிட்டாங்க."