கணப்படுப்பை இடிக்க ஆள் அனுப்ப வேண்டாம்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் லஹ்சன் அவர்களுக்கு, இஃப்ரானிலிருந்து உங்கள் தங்கை புருஷன் பூஷ்தா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், ஸுஹூர், மகள் இக்ராம் மூவரும் இறைவன் அருளால் சுகம். அங்கே ஃபெஸ்ஸில் நீங்களும் வீட்டாரும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இதை உட்கார்ந்து படிக்கவும், நீளம் அதிகம்.

விஷயம் இதுதான். எங்கள் விருந்தாளி அறையான சலோனில் இருக்கும் கல் கணப்படுப்பை இடிக்க, கொத்தனார் மிலூதைச் சுத்தியலோடு அனுப்புவதாக ஸுஹூருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். நிலைமை தலைகீழாக மாறிவிட்டது.

ஓய்வு பெற்றதும் இந்த வீட்டை நான் வாங்கியதே அந்தக் கணப்புக்காகத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு மேலே கல், உள்ளே ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம், அவ்வளவு அகலம். நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கையோ வந்த முதல் நாளே, "ஏங்க, சலோன்னா மூணு சுவரோரமும் திவான் மெத்தை இடைவெளி இல்லாம ஓடணும். நடுவுல குகையை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க விருந்தாளியை உக்கார வைப்பேன்? முதுகுப் பக்கம் கரடி வருதான்னு பார்த்துக்கிட்டே டீ குடிப்பாங்களா?" என்று கேட்டாள். அழகுபடுத்தலாம் என்றேன். மேல்தட்டில் என் பழைய சர்வே கருவியை வைத்தேன், எடுத்துவிட்டு டீக்கெண்டிகளை வைத்தாள். நான் மான்கொம்பு வைத்தேன், அவள் பிளாஸ்டிக் ரோஜா வைத்தாள். கடைசியில் கொம்பில் ரோஜா சுற்றி, கல்யாணத்துக்கு நிற்கும் மான் மாதிரி ஆயிற்று.

இதற்கிடையில்தான் இக்ராமுக்கு மெக்னஸிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் ஜவாத், அவளோடு வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர். நாலு இடத்தைத் தட்டிவிட்ட பெண், இந்த முறை, "வாப்பா, இவர்னா சரி. இல்லேன்னா என்னைக் கழுதைகளோட விட்டுடுங்க, சந்தோஷமா இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். பையனுக்கும் சம்மதம். ஆனால் அவன் தாயார் லல்லா தாமூ, பெண்ணைப் பார்க்கும் முன் சலோனைப் பார்ப்பவர், திவானில் ஒரு மடிப்பு கோணினாலும் குடும்பமே கோணல் என்பவர் என்று ஊரே சொல்லிற்று. வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றதும் ஸுஹூருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான், மகள் முகத்தைப் பார்த்து.

புதுத் திவான் தைக்கச் சொன்னோம். மெத்தைக்கார ஹம்மாதி தொலைபேசியில், "மூலைக்கு மூலை எவ்வளவு சாரே?" என்றார். நாற்பது வருஷம் ஊரார் நிலத்தை அளந்த கை இது மச்சான், விரல்கடை பிசகாமல் அளந்து சொன்னேன், மூன்று சுவரும். அவர் கேட்டது மூலைக்கு மூலை, நான் சொன்னது மூலைக்கு மூலை. நடுவில் ஒரு கணப்பு வாயைப் பிளந்து நிற்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதன்கிழமை திவான் வந்து இறங்கியது. நடுத்திவான் கணப்பின் வாயை அப்படியே அடைத்துக்கொண்டு கச்சிதமாக நின்றது. ஹம்மாதி மலைத்துப்போய், "சலோன்ல அடுப்பை வச்சுக்கிட்டு அளவு கொடுத்த ஒரே ஆள் நீங்கதான் சாரே. சமையலறையில கட்டில் போட்டிருக்கீங்களா, அதையும் சொல்லிடுங்க" என்றார். ஸுஹூர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். கணப்பே இல்லாத மாதிரி காட்டிவிடுவது. கல்லில் ஆணி இறங்காது என்பதால், பூவேலைத் திரையை மேல்தட்டில் விரித்து, அதன் மேல் பித்தளைத் தட்டுகளைப் பாரமாக வைத்துத் தொங்கவிட்டோம். வெளியே வைக்க இடமில்லாத விறகையெல்லாம் கணப்புக்குள்ளேயே அடுக்கினோம். முன்னால் திவான். பார்த்தால் நிஜமாகவே அசல் சலோன்! "அவங்க போற வரைக்கும் நெருப்புங்கற பேச்சே உங்க வாயில வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று எனக்கு உத்தரவு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பதினோரு பேர் சம்பந்தம் பேசக் கொண்டுவரும் சர்க்கரைக் கூம்புகளோடு வந்து இறங்கினார்கள். கூடவே பனியும் இறங்கியது. பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்து உட்கார வைத்த கையோடு மின்சாரம் போயிற்று, ஹீட்டர் அணைந்தது. பதினோரு பேரும் மூன்று சுவரோடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். லல்லா தாமூவை ஸுஹூர் மரியாதையான இடத்தில், அதாவது நடுத்திவானில், சரியாகக் கணப்பின் வாய்க்கு முன்னால் உட்கார வைத்திருந்தாள். புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கி அவர் முதுகில் ஊதியது. திரை உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

"ஏம்மா, என் பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்க" என்றார்.

"யாருமில்ல லல்லா, வெறும் சுவருதான்" என்றாள் ஸுஹூர்.

"சுவரு மூச்சு விடுமா? வேற என்னல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க இந்த வீட்டுல?"

ஜவாத் தரையைப் பார்த்தான். டீத்தட்டோடு வந்த இக்ராம் பாதியில் நின்றாள். முடிந்தது என்று நினைத்தேன் மச்சான், என் அளவு நாடாவினால் என் மகள் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று. திரை, தட்டு, டீக்கெண்டி, மான்கொம்பு, ரோஜா எல்லாம் சரிந்து திவானுக்கும் கணப்புக்கும் நடுவே விழுந்தன. கணப்பின் திறந்த வாயிலிருந்து குபீரென்று கரி கிளம்பி லல்லா தாமூவின் வெள்ளை ஜெல்லாபா அங்கியில் படிந்தது. மூக்கில்கூட.

முதலில் சிரித்தது இக்ராம்தான். அடக்க முடியாமல் சிரித்தாள். ஸுஹூர் அழ ஆரம்பித்தாள். இக்ராம் தட்டை வைத்துவிட்டு, "மாமி, எந்திரிங்க. மறைச்சு வச்சதே உங்களுக்கு வேண்டியதைத்தான்" என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். திவானை அவளும் ஜவாத்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, விழுந்ததையெல்லாம் ஒதுக்கினார்கள். விறகுதான் தயாராக இருக்கிறதே, நான் தீக்குச்சியைக் கிழித்தேன். உத்தரவை மீறியது உண்மை, உங்கள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிஷத்தில் மெத்தைகள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. பதினோரு பேரும் கோட்டைக் கழற்றிவிட்டு நெருப்பைச் சுற்றிக் குழுமினார்கள். லல்லா தாமூ காலுறையைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிக்கொண்டு, மூக்கில் கரியோடு, "ஏழு சலோன் பார்த்தாச்சு. ஏழுலயும் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் கத்திக் கத்திப் பேசி தொண்டை கட்டினதுதான் மிச்சம். இன்னைக்குத்தான் பொண்ணு முகத்தைக் கிட்டத்துல பார்த்தேன். ஏண்டி ஸுஹூர், அழாதே, இப்படி வந்து உக்காரு" என்றார். கூஸ்கூஸையும் அங்கேயே சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு சம்பந்தத்தை உறுதி செய்து ஃபாத்திஹா ஓதினோம். இக்ராம் முகத்தில் விழுந்த அந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே மச்சான், கணப்பு நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஸுஹூரே காலையில் அதைத் துடைத்துச் சாம்பிராணி போட்டாள். மிலூதும் சுத்தியலும் ஃபெஸ்ஸிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கும் வீட்டார் அனைவருக்கும் இறைவன் சுகம் தரட்டும், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
அளவில் பிசகாத
பூஷ்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. மிலூத்! தோளில் பனி, கையில் சுத்தியல். திருப்பி அனுப்பலாம் என்றால், ஸுஹூர் அவரை நெருப்பு ஓரம் உட்கார வைத்து டீ கொடுத்து எதிர்ச் சுவரைக் காட்டுகிறாள். "கல்யாணத்துக்கு அவங்க பக்கம் அம்பது பேரு, நம்ம பக்கம் அம்பது பேரு. ஒரு நெருப்பு எப்படிங்க பத்தும்? அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு" என்கிறாள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது நம் படுக்கையறை என்றேன். காதில் விழவில்லை. அளவு எடுக்க மிலூத் என்னையே கூப்பிடுகிறார், மூலைக்கு மூலை. எனவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மிலூத் ஒருவர் போதாது, இன்னொருவரையும் அனுப்புங்கள். கல்யாணத்துக்கு வரும்போது போர்வை கொண்டு வாருங்கள், நாம் இருவரும் சமையலறையில்தான் படுக்கப் போகிறோம். கட்டிலுக்கு ஹம்மாதியிடம் சொல்லிவிட்டேன்.