பின்சீட்டுக் குழம்பு

நான் ஒரு நாய்க்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னவன். "பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே" என்று சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். பிறர் என்பதில் நாய் அடங்குமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அடங்கும் என்பதை அறுபத்தெட்டாவது வயதில், வாலாஜாபாத் போகிற சாலையில் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில், தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தையல் நூலிழை விலகினாலும் அந்த சீட்டில் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் உட்கார்ந்திருக்கும் சோபாவின் தையலைப் பார்ப்பேன். (தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் என்று என் மனைவி ஸ்டெல்லா புகார் சொல்வாள். அந்த வீட்டில் சோபாவே கிடையாது, பாய்தான் விரித்திருந்தார்கள். பாயின் ஓரம் பிரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.)

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அருள்செல்வி. வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் அவளும் தரப் பிரிவுதான். சீர்வரிசையோடு ஒரு நாயையும் கூட்டி வந்தாள். அவளுடைய கம்பெனி வாசல் டீக்கடையில் பன் தின்று வளர்ந்த பெட்டை நாட்டு நாய். அதனால் பெயர் பன்னு. பழுப்பு உடம்பு, மார்பு மட்டும் வெள்ளை. பன்னுவுக்கும் எனக்கும் சண்டையும் கிடையாது, சிநேகமும் கிடையாது. ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பயணம் செய்கிறவர்கள் மாதிரி இருந்தோம்.

செல்வி தன் சம்பாத்தியத்தில் ஒரு கார் வாங்கினாள். சொந்தக்காரர்களில் சொந்தக் காசில் கார் வாங்கிய முதல் பெண் அவள்தான். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கார் ஆசீர்வதிக்கப்படுகிறதே என்று எல்லோரும் கண் மூடி நின்றார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டு, தீர்த்தம் சீட்டில் படாமல் இருக்கக் கதவை ஒரு காலால் மெல்லச் சாத்தினேன். பாலாடை நிறத்துத் துணி சீட். அந்த நிறத்தில் வெயில் பட்டால்கூட கறை தெரியும்.

ஜெபம் முடிந்ததும் செல்வி பின்கதவைத் திறந்து, "பன்னு, ஏறு. இதான் உன் எடம்" என்றாள்.

நான் சீட்டைப் பார்த்தேன், பன்னுவின் நகத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே பரீட்சை வந்தது. வாலாஜாபாத்தில் செல்வியின் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். செல்வி இரண்டு நாள் முன்பே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என் மகன் ஆல்பர்ட் ஞாயிறு காலையில் எங்களைக் காரில் கூட்டி வருவது என்று ஏற்பாடு. போனில் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, அத்தை கையால் ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டும். இரண்டு, பன்னுவையும் கூட்டி வர வேண்டும்.

பின்சீட்டைக் காப்பாற்றும் பொறுப்பை நானாகவே தலையில் எடுத்துக்கொண்டேன். "பழைய ஜமக்காளத்தை விரிச்சா போச்சு" என்றாள் ஸ்டெல்லா. நான் சிரித்தேன். முப்பது வருஷம் சீட்டோடு வாழ்ந்தவனிடம் ஜமக்காளமா? கம்பெனியிலிருந்து சீட்டுகள் வெளியே போகும்போது மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை இறுக்கிச் சுற்றி அனுப்புவோம். பழைய சிநேகிதர் ஒருவரிடம் அந்த பிலிமில் மிச்ச ரோல் ஒன்று இருந்தது. சனிக்கிழமை முழுக்க வேலை. சீட்டின் அடிப்பாகத்தை எப்படித் தூக்கினால் கழன்று வரும் என்பது எனக்குக் கைவந்த கலை. கழற்றி, ஏழு சுற்றுச் சுற்றி, திரும்பப் பொருத்தினேன். முதுகுப் பக்கத்தையும் மூடினேன். பெல்ட் மாட்டும் இடத்துக்கு மட்டும், சீட்டும் முதுகும் சேரும் மூலையில், பிளேடால் அழகாக இரண்டு கீறல். கடைசியில் பழக்கதோஷத்தில் ஒரு பச்சை 'ஓகே' ஸ்டிக்கரையும் ஒட்டினேன்.

ஆல்பர்ட் எட்டிப் பார்த்தான். "இன்னாப்பா இது, ஐஸ் கட்டியாட்டம் கீது. நாயி நிக்குமா இதுல?"

"நாய் நிக்கிறதுக்கா சீட்டு செய்றோம்? நீ வண்டிய ஓட்டு."

ஞாயிறு காலை கிளம்பினோம். பின்சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டெல்லாவுக்குத் தலை சுற்றும், எனவே அவளுக்கு முன்சீட். பின்னால் நானும் பன்னுவும். என் மடியில் குழம்புத் தூக்கு, இரண்டு பக்கமும் கிளிப் போட்ட எவர்சில்வர் தூக்கு. உடம்பில் புது வேட்டி.

ஒரகடம் தாண்டுவதற்குள் ஆல்பர்ட் சொன்னது பலித்தது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி பிரேக் போட்டது, நாங்களும் போட்டோம். பன்னு நான்கு காலும் நான்கு திசையில் போக, சீட்டிலிருந்து வழுக்கி முன்சீட்டின் முதுகில் மோதிக் கீழே விழுந்தாள். ஏறினாள். அடுத்த வளைவில் என் மேல் வந்து விழுந்தாள். மூன்றாவது தடவை அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அந்தப் பின்சீட்டில் வழுக்காத ஒரே இடம் என் தொடைதான். முன்கால் இரண்டையும் அதன் மேல் வைத்து, மார்பைச் சாய்த்து, என் முகத்தைப் பார்த்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் வேட்டியைப் பார்த்தேன். அவளைத் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தாள். மறுபடி தள்ளினேன். பிறகு அவள் வரவில்லை. கதவோரமாகச் சுருண்டு, நகத்தால் பிலிமைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். (இந்த இடத்தை எழுதும்போது மட்டும் பேனா நகர மாட்டேன் என்கிறது.)

குழம்பு வாசனை வண்டிக்குள் பரவியிருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் 'நல்ல வாசனை' என்று நினைத்திருப்பான். நான் 'எங்கோ கசிகிறது' என்று நினைத்தேன். தூக்கின் அடியைத் தடவினேன், ஈரம் இல்லை. பக்கத்தைத் தடவினேன், இல்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த பொருளைத் திறந்து பார்க்காமல் விட்டதாக என் சரித்திரத்திலேயே இல்லை. ஓடுகிற வண்டியில், ஒரு கிளிப்பை எடுத்தேன். மறு கிளிப்பையும் எடுத்தேன். மூடியைத் தூக்கினேன். வளையம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பரம திருப்தி.

அப்போதுதான் வேகத்தடை வந்தது.

பன்னு வழுக்கியது போலவே நானும் வழுக்கினேன். எனக்கு நகமும் இல்லை. குழம்பு எழும்பி, ஒரு கணம் தூக்கின் வடிவத்திலேயே காற்றில் நின்று, பிறகு இறங்கியது. பாதி என் வேட்டியில். மீதி சீட்டில். சீட் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், அல்லவா? குழம்பு அந்தச் சரிவில் ஓடி, மூலையில் நான் பிளேடால் போட்ட கீறலைத் தேடிப் பிடித்து, உள்ளே இறங்கியது. பிலிமுக்கு அடியில் செந்நிறமாகப் பரவுவதை நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் பார்த்தேன். துடைத்தேன். கை பிலிமில்தான் வழுக்கியது. என் ஏழு சுற்று சீட்டைக் காப்பாற்றவில்லை, கறையை என்னிடமிருந்து காப்பாற்றியது.

ஆல்பர்ட் ஓரம் கட்டினான். "இன்னாப்பா ஆச்சு?"

"நாய்தான்டா" என்றேன். யோசிக்கவே இல்லை. "ஒரே பாய்ச்சல். தட்டி விட்டுட்டுது."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவோரம் சுருண்டிருந்த பன்னுவைப் பார்த்தாள். பன்னுவின் வெள்ளை மார்பில் ஒரு சொட்டு மசாலா இல்லை. "கறி வாசனைக்கு நாய் என்னங்க பண்ணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதை நான் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

வாலாஜாபாத் வீட்டு வாசலில் பட்டுப்புடவையில் செல்வி நின்றாள். கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். முகம் சுருங்கியது, ஆனால் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தூக்குல கிளிப்பு போட்டிருந்துச்சா மாமா?"

"ரெண்டு பக்கமும் போட்டிருந்தேன்மா" என்றேன், பெருமையாக.

"சரி மாமா" என்றாள்.

பந்தியில் பன்னுதான் பேச்சு. நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைக்கிற பழமொழியை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். செல்வியின் சித்தப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, "பெரியவரு மடியிலயே பாய்ஞ்சுதாமே. கடிக்காம வுட்டுதே, அத்த சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டி, கூடவே ஒரு பெருமூச்சும் விட்டேன். அந்தப் பெருமூச்சு அவசியமே இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது செல்வி, "பன்னு இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

ஆல்பர்ட் விழித்தான். "எத்தினி நாளு?"

"இருக்கட்டும்."

பன்னு ஓடி வருவாள், குரைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காரை வாட்டர் சர்வீசுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பிலிமைக் கிழித்துவிட்டுக் கறையைப் பார்த்தார். "யார் வேலை சார் இது?"

"நாய்."

"நாயின்னா நக்கியிருக்கும் சார். இது வேற ஆளு."

கறை வெளுத்தது, போகவில்லை. வீட்டில் செல்வி மரியாதை குறையாமல் பேசினாள். "மாமா, சாப்பாடு வெச்சிருக்கு." அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் அவள் ஷிப்ட் முடிந்து வந்ததும் பன்னுவிடம் லைன் நின்ற கதை, சூப்பர்வைசர் திட்டிய கதை எல்லாம் சொல்வாள். நானும் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்பேன். அந்த வாரம் வீட்டில் எந்தக் கதையும் இல்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். புது ஃபாதர் திருநெல்வேலிப் பக்கம், என் மகனைவிடச் சின்னவர். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த நாய் இப்பம் எங்க கெடக்கு?" என்றார்.

"வாலாஜாபாத்ல, ஃபாதர்."

"அப்பம் இங்க உக்காந்து என்ன செய்யுதீக?"

வீட்டுக்கு வந்தும் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் எழுதினேன். கம்பெனியில் எழுதும் அறிக்கை மாதிரியே கட்டம் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். குறைபாடு: பின்சீட்டில் குழம்பு. காரணம்: ஓடும் வண்டியில் ஆய்வாளர் மூடியைத் திறந்தது. நாயின் பங்கு: இல்லை.

செல்வி பால் எடுக்க வந்தவள் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு ஆய்வாளரின் குரலில், "ஒரு குறைபாடு உட்டுட்டீங்க மாமா. பழிய அவ மேல போட்டது எங்க?" என்றாள்.

பேனாவை எடுத்து எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. "பயம்மா" என்றேன். "நீ ஆசப்பட்டு வாங்குன கார். நான் காப்பாத்துறேன்னு சொல்லி, நானே..."

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. கிளிப்பு போட்ட தூக்க நாயி எப்படித் தொறக்கும்? நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

"தெரிஞ்சுதான் அவள அங்க உட்டுட்டு வந்தியா?"

"சீட்டு போனா போவுது மாமா. செய்யாத தப்புக்குப் பழி சொல்ற வூட்ல அவள எப்படி வெச்சிக்கறது?"

என் வேலைக்காலம் முழுவதும் எத்தனையோ சீட்டுகளுக்குச் சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன். அன்று என் கழுத்தில் விழுந்தது போல் எதுவும் கனமாக இருந்ததில்லை.

மறுநாளே வாலாஜாபாத் போனோம். செல்வி ஓட்டினாள். பின்சீட்டின் ஒரு பாதியில் ஸ்டெல்லாவின் பழைய ஜமக்காளம், மறு பாதியில் நான். ஜமக்காளத்தின் நான்கு மூலையிலும் ஸ்டெல்லாவே நாடா தைத்து, முன்சீட்டுத் தலைச்சாய்ப்பிலும் பின்சீட்டுத் தலைச்சாய்ப்பிலும் தூளி மாதிரிக் கட்டியிருந்தாள். வழுக்காது, கீழே விழவும் வழியில்லை, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். மொத்த வேலையும் கால் மணி நேரம். (தையல் கோணல். நான் வாயைத் திறக்கவில்லை.)

அன்று பந்தியில் இருந்த செல்வி வீட்டாரில் கையில் கிடைத்தவர்களை உட்கார வைத்து, நடந்ததை நானே சொன்னேன். சித்தப்பா வெகுநேரம் சிரித்தார். "அப்ப அன்னிக்கு எதுக்கு அந்தப் பெருமூச்சு?" என்று கேட்டார்.

பன்னு என்னை முகர்ந்து பார்த்தாள். ஜமக்காளத்தை அதைவிட அதிக நேரம் முகர்ந்தாள். ஏறினாள். பாதி வழியில் முன்கால் ஒன்றை என் தொடையில் வைத்தாள். வேட்டி புதுசுதான். நான் அசையவில்லை.

அந்தக் கறை இப்போதும் பின்சீட்டில் நான் உட்காரும் இடத்தில் மங்கலாக இருக்கிறது. நான் காரில் ஏறப் போனால், "இருங்க மாமா, உங்களுக்கு எதுனா விரிக்கறேன்" என்று செல்வி செய்தித்தாளைத் தேடுவாள். எங்கே விருந்துக்குப் போனாலும் ஸ்டெல்லா குழம்பு வைக்கிறாள். தூக்கு என் மடிக்கு வருவதில்லை. ஜமக்காளத் தூளியின் மூலையில், பன்னுவின் இரண்டு முன்காலுக்கும் நடுவே வைத்துவிடுகிறார்கள். அவள் மூடியின் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.

இதுவரை ஒரு சொட்டு சிந்தியதில்லை.